அரை இஞ்ச் லூஸாக வெட்டிய இடது கை

கேள்வி: எனக்கு வயது 52. விருதுநகர் பக்கத்தில், 30 வருடமாக வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். 13 மாதத்துக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் என்று மார்பையே எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்து 16 நெறிக்கட்டிகள் எடுத்ததாக ரிப்போர்ட்டில் இருக்கிறது. பிறகு கீமோ, 15 நாள் கரண்ட் (கதிர்வீச்சு). இப்போது தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை. இரண்டு மாதமாகச் சாயங்காலம் ஆனால் இடது கை கல்லைக் கட்டியது போல் கனக்கிறது. வளையல் தடம் பதிகிறது. புதிதாக இரண்டு பிளவுஸ் தைத்தபோது இடது கையை மட்டும் அரை இஞ்ச் லூஸாக வெட்டிக்கொண்டேன். கையைத் தூக்கினால் அக்குளில் இருந்து முழங்கை வரை நரம்பைப் பிடித்து இழுப்பது போல் வலி. ஆபரேஷன் முடிந்த மாதமும் இப்படி இருந்து, பிறகு சரியாகியிருந்தது. காலையில் இரண்டு கை விரல்களையும் மடக்க முடிவதில்லை. செக்கப்பில் சொன்னேன். பார்த்துவிட்டு "வீக்கம் ஒன்றும் இல்லையே" என்று அனுப்பிவிட்டார்கள். நாத்தனார் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் யானைக்கால் போல ஆகிவிடும் என்கிறார்கள். நோய் திரும்பிவிட்டதா? தண்ணீர்க் குடம் தூக்கலாமா? தை மாதம் மகளுக்கு வளைகாப்பு, நான் இடது கையில் வளையல் போடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கனம், இழுப்பு, வலி என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். நான் நின்று இரண்டாவது முறை படித்தது, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த அரை இஞ்சைத்தான். 30 வருடமாக இரண்டு கைக்கும் ஒன்று போல் துணி வெட்டியவர், தன் பிளவுஸில் ஒரு கையை மட்டும் தளர்த்துகிறார் என்றால் அது சும்மா இல்லை. செக்கப்பில் கண்ணால் பார்த்துச் சொன்னதைவிட உங்கள் கத்தரிக்கோல் சொன்னதை நான் நம்புகிறேன்.

நோய் திரும்பிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்துவிட்டு "இல்லை" என்று சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது, நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் புற்றுநோய் மருத்துவர் அக்குளையும் காறை எலும்புக்கு மேல் இருக்கும் குழியையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் விதம், சாயங்காலம் கனத்து, தடம் பதிந்து, கை லேசாகப் பருத்து வருவது, நிணநீர்த் தேக்கத்தின் ஆரம்பத்தைத்தான் முதலில் நினைக்க வைக்கிறது. மருத்துவமனையில் லிம்பெடிமா என்பார்கள்.

இது எப்படி வருகிறது என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். ரத்தக் குழாய்களில் இருந்து கசிகிற நீரில் ஒரு பகுதி, புரதத்தோடு சேர்ந்து, நிணநீர்க் குழாய்கள் வழியாகத்தான் மறுபடி ரத்தத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கையில் இருந்து வரும் அந்த வாய்க்கால்களில் பெரும்பாலானவை அக்குளில் இருக்கும் கணுக்கள் வழியாகத்தான் போகின்றன. நீங்கள் நெறிக்கட்டி என்று எழுதியிருப்பது அந்தக் கணுக்களைத்தான். அதில் 16-ஐ எடுத்தாகிவிட்டது. மீதி இருக்கும் இடத்தில் கரண்ட் பட்டிருந்தால் அங்கே தழும்பு இறுகியிருக்கும். கண்மாயின் மடைகளில் பாதியை அடைத்தது போலத்தான். கொஞ்ச நாள் மிச்ச மடைகள் சமாளிக்கும். வேலை கூடும்போது, வெயில் ஏறும்போது, உடல் எடை கூடும்போது, கையில் புண் வந்து சீழ் பிடிக்கும்போது சமாளிக்க முடியாமல் நீர் கோத்துக்கொள்ளும். அதனால்தான் ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் கழித்துக்கூட வருகிறது. முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் அதிகம் வரும், அதற்கு அப்புறமும் வரலாம்.

எல்லோருக்கும் வராது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வெளியான கணக்குப்படி, அக்குளில் முழுவதும் கணுக்களை எடுத்தவர்களில் ஏறத்தாழ 5-ல் ஒருவருக்கு வருகிறது. முதல் ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துப் பரிசோதித்தவர்களில் 100-ல் 5, 6 பேருக்குத்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் அரைக்கால் உண்மை இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குப் பெரிய அறுவை சிகிச்சையை நிலைநிறுத்திய அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், 1921-ல் இந்தக் கை வீக்கத்தைப் பற்றி எழுதியபோது "அறுவை சிகிச்சையால் வரும் யானைக்கால்" என்ற பொருள்படத்தான் அதற்குப் பெயர் வைத்தார். அடைபடுவது அதே குழாய்கள்தான். ஆனால் யானைக்கால் நோய் கொசு பரப்பும் புழுவால் வருவது, உங்களுடையது அதில்லை. அதற்கான மாத்திரையை யாராவது வாங்கிக் கொடுத்தால் போடாதீர்கள். ஹால்ஸ்டெட் காலத்தில் மார்புத் தசையையும் சேர்த்து வெட்டி எடுத்தார்கள். கை பருத்த பிறகுதான் கவனித்தார்கள். நீங்கள் இருப்பது அதற்கு வெகு முன்னால், ராத்திரி தூங்கி எழுந்தால் தானாகக் குறையும் நிலையில். இந்த நிலையில் பிடித்தால் திருப்பிவிட முடியும். கவனிக்காமல் விட்டால் தேங்கிய நீரில் இருக்கும் புரதம் தோலுக்கு அடியில் நாராக இறுகிவிடும், அப்புறம் கையை எவ்வளவு தூக்கி வைத்தாலும் வடியாது.

சரி, முதல் வேலை: அளவு. அதற்கு மெஷின்கள் இருக்கின்றன, பெரிய ஊர்களில் சில இடங்களில் கிடைக்கும். உங்கள் கழுத்தில் எந்நேரமும் தொங்கும் இஞ்ச் டேப்பே போதும். செ.மீ. இருக்கும் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். மேசையில் கையை நீட்டி வைத்து நான்கு இடத்தில் அளக்க வேண்டும். கட்டை விரலை விட்டுவிட்டு விரல் முட்டிகளைச் சுற்றி ஒன்று. மணிக்கட்டில் ஒன்று. முழங்கை மடிப்பில் இருந்து 10 செ.மீ. கீழே ஒன்று, 10 செ.மீ. மேலே ஒன்று. பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டால் இடம் மாறாது. துணிக்கு எடுப்பது போல் ஒரு விரல் உள்ளே விட்டு லூஸாக எடுக்காதீர்கள், டேப் தோலைத் தொட வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது. மகளையோ மருமகளையோ எடுக்கச் சொல்வது நல்லது. இரண்டு கையையும் அளந்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஒரு நாள் காலையிலும் மாலையிலும் எடுத்து வித்தியாசம் பாருங்கள். அதற்கப்புறம் வாரம் ஒரு முறை, அதே நேரத்தில்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலது கை இயல்பாகவே கொஞ்சம் பருமனாக இருக்கும். உங்கள் இடது கை இப்போது வலது கைக்குச் சமமாக இருந்தால்கூட அது கூடியிருக்கிறது என்றுதான் அர்த்தம். "இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லி அனுப்புகிற தப்பு இதனால்தான் நடக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு கையையும் அளந்து வைத்திருக்க வேண்டும். பல இடங்களில் அதைச் செய்வதில்லை. அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் உங்களிடம் அந்த முன்னளவு இருக்கிறது. நோய் தெரிவதற்கு முன்னால் நீங்கள் உங்களுக்கே தைத்துக்கொண்ட அளவு பிளவுஸ் பெட்டியில் கிடக்குமே? அதன் இடது கை லூஸ், வலது கை லூஸ் இரண்டையும் எடுத்து எழுதுங்கள். அதைப் போட்டு, எந்தக் கை எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். இரண்டு கையும் ஒரே அளவு பிடித்தால் உடம்பு போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இடது மட்டும் பிடித்தால் விஷயம் வேறு. இவ்வளவு நல்ல பழைய பதிவோடு வருகிற நோயாளி எங்களுக்கு அபூர்வம். டாக்டரிடம் போகும்போது அந்தப் பிளவுஸையும் நோட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

பழைய கணக்கில் ஏதாவது ஓர் இடத்தில் 2 செ.மீ. வித்தியாசம் வந்தால்தான் லிம்பெடிமா என்பார்கள். உங்கள் அரை இஞ்ச் 1.27 செ.மீ.தான். கனமும் தடமும் சேர்ந்து இருக்கும்போது 2 ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முன்னளவோடு ஒப்பிட்டுக் கண்ணுக்குத் தெரியாத அளவு வீக்கத்தைக் கண்டுபிடித்து, 43 பெண்களுக்கு அழுத்தம் தரும் கை உறை கொடுத்தார்கள். சராசரியாக ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் போட்டதிலேயே வீக்கம் இறங்கியது.

டேப் தவிரக் கண்ணும் விரலும் சில விஷயம் சொல்லும். இரண்டு புறங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இடது பக்கம் ரத்த நாளங்களும் முட்டிக் குழிகளும் மங்கியிருக்கிறதா? முன்கையில் கட்டை விரலால் 10 விநாடி அழுத்தி எடுங்கள், குழி நிற்கிறதா? மேல்கையின் உள்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்கினால் இடது பக்கம் தடிப்பாக வருகிறதா? இதெல்லாம் இல்லையென்றாலும் நிம்மதியாகிவிடாதீர்கள், ஆரம்பத்தில் குழி விழாமலும் இருக்கலாம். பிளவுஸுக்கு உள்ளே மார்புச் சுவரிலும், அக்குளுக்குப் பின்னால் முதுகுப் பக்கத்திலும்கூட நீர் கோக்கும். அதையும் கண்ணாடியில் பாருங்கள்.

அடுத்தது வலி. ஆரம்ப லிம்பெடிமாவில் கனம், இறுக்கம், கடுகடுப்பு இருக்கும். சுருக்கென்று குத்துவதோ தந்தி போல் இழுப்பதோ அதன் குணம் இல்லை. அதனால் உங்கள் வலிக்கு வேறு விலாசம் தேட வேண்டும், எனக்கு இரண்டு தெரிகின்றன.

கையைத் தூக்கும்போது அக்குளில் இருந்து முழங்கை வரை இழுப்பது பெரும்பாலும் நாங்கள் "கார்டிங்" என்று சொல்வது. கண்ணாடி முன் நின்று கையைப் பக்கவாட்டில் தூக்கி, அக்குளைப் பாருங்கள். தோலுக்கு அடியில் இழுத்துக் கட்டிய நூல் போல ஒன்றோ இரண்டோ கோடு தெரியும், தொட்டால் விறைப்பாக இருக்கும். அறுபட்ட நிணநீர்க் குழாய்களும் சுற்றியிருக்கும் திசுவும் இறுகுவதால் வருவது. ஆபரேஷன் ஆன முதல் இரண்டு மாதத்தில்தான் அதிகம், உங்களுக்கும் அப்போது வந்திருக்கிறது. சிலருக்குப் போய்த் திரும்பவும் வரும். கரண்ட் வைத்த பிறகு மார்புத் தசையும் சுருங்கிக்கொண்டால் இழுப்பு கூடும். ஆபத்து இல்லை, ஆனால் "இழுக்கிறதே" என்று கையைத் தூக்காமல் வைத்திருந்தால் தோள் பூட்டிக்கொள்ளும். அது இதைவிடப் பெரிய தொல்லை. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மேலே ஏறுங்கள். இழுக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஐந்து மூச்சு விட்டு, இறங்குங்கள். பத்து முறை, தினம் மூன்று வேளை. சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால் எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்பது தெரியும். வலிக்க வலிக்க யாரையும் பிடித்து இழுக்க விடாதீர்கள்.

காலையில் இரண்டு கை விரலும் மடக்க வராதது லெட்ரோசோல் வேலையாக இருக்கலாம். ஒரு பக்கம் ஆபரேஷன் செய்ததற்கு இரண்டு பக்கமும் வலிக்காது அல்லவா? அந்த மாத்திரைக்கு மூட்டுப் பிடிப்பு தெரிந்த பக்கவிளைவு. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பாமல் தடுப்பதே அதுதான். டாக்டரிடம் சொன்னால் அதே வகையில் வேறு மாத்திரை மாற்றிப் பார்ப்பார்கள், நடைப் பயிற்சியும் உதவும். அதோடு, மேல்கையின் உள்பக்கம் மரத்தாற்போலவும் எரிச்சலாகவும் இருந்தால், ஆபரேஷனில் அறுபட்ட அல்லது இழுபட்ட ஒரு தோல் நரம்பு காரணமாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, அதையும் சொல்லிவிடுங்கள்.

டாக்டர் பார்த்து, ரத்தக் கட்டியோ கட்டி அழுத்துவதோ இல்லை என்று சொன்ன பிறகுதான் கை உறை. வண்டி ஓட்டும்போது வெயிலுக்குப் பெண்கள் மாட்டும் உறை இதற்கு ஆகாது. மணிக்கட்டில் அழுத்தம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் நெய்த மருத்துவ உறை வேண்டும். ஆரம்ப நிலைக்குப் பெரும்பாலும் 20–30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உள்ளதை, உங்கள் கையை அளந்து தருவார்கள். அளவு சரியில்லாத உறை ஒன்றும் போடாததைவிடக் கெடுதல். மேல் ஓரம் மடங்கி இறுக்கினால் அங்கேயே இன்னொரு மடையை அடைத்தது போல. பகலில் போட்டு, படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். முன்பு சுலபமாக ஏறிய வளையல் இப்போது முட்டியில் நின்று அடம் பிடிக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். புறங்கையிலும் நீர் இருந்தால் உறையோடு கையுறையும் சேர்த்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் நீர் அங்கே இறங்கி நிற்கும். வீட்டில் இருக்கும் கிரேப் பேண்டேஜை எடுத்து நீங்களாகச் சுற்றாதீர்கள். நீர் பிரிய மாத்திரையும் இதற்குப் பயன்படாது, தண்ணீர் போனாலும் புரதம் அங்கேயே இருந்து மறுபடி தண்ணீரை இழுக்கும்.

நாத்தனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: ஒத்தடமும் உருவுதலும் வேண்டாம். சூடு பட்டால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடும், கசிவும் கூடும். அழுத்தி உருவினால் தோலுக்குச் சற்றே கீழே இருக்கும் மெல்லிய நிணநீர்க் குழாய்கள் நசுங்கும். நாங்கள் செய்யும் நிணநீர் மசாஜ் மயிலிறகால் தடவுவது போல, தோல் மட்டும் நகரும். எண்ணெய்தான் வேண்டுமென்றால், சூடாக்காமல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தோல் வறளாமல் பூசிக்கொள்ளட்டும். அது நல்லதே.

தண்ணீர்க் குடம் விஷயத்தில் நான் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் "வாழ்நாள் முழுக்க அந்தக் கையில் எதுவும் தூக்காதீர்கள்" என்று நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 2009-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில், ஏற்கனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பாதிக்கு வாரம் இருமுறை படிப்படியாக எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வீக்கம் மற்றப் பாதியைவிடக் கூடவில்லை, திடீரென்று வீங்குவது அவர்களுக்குக் குறைந்தும் இருந்தது. தசை சுருங்கி விரிவதுதான் நிணநீரைத் தள்ளும் பம்பு, கையைச் சும்மா வைத்தால் பம்பும் நின்றுவிடும். ஆகவே தூக்கலாம். ஆனால் இத்தனை மாதம் தூக்காமல் இருந்துவிட்டு நாளைக்கே நிறைகுடத்தை இடுப்பில் வைக்காதீர்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கி, வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். கனம் அதிகமானால் ஒரு படி இறங்குங்கள். இடது கையில் ரத்தம் எடுத்தால், பி.பி. பார்த்தால் வீங்கிவிடும் என்ற பயமும் பெரிதாக்கப்பட்டதுதான். பாஸ்டனில் 600-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து அளந்து 2016-ல் வெளியிட்டதில், ஊசி, பி.பி., விமானப் பயணம் எதற்கும் வீக்கத்தோடு தொடர்பு தெரியவில்லை. உடல் எடைக்கும் தோல் தொற்றுக்கும் தொடர்பு தெரிந்தது. வலது கை இருக்கும்போது அதையே நீட்டுங்கள். அவசரத்தில் இடது கையில் குத்திவிட்டால் தூக்கம் கெட வேண்டாம்.

நான் உண்மையில் கவலைப்படுவது உங்கள் தையல் ஊசியையும் இஸ்திரிப் பெட்டியையும் நினைத்துத்தான். எம்மிங் பண்ணும்போது குத்து வாங்குவது துணியைப் பிடிக்கும் இடது விரல். அந்த விரலுக்கு உலோகத் தொப்பி மாட்டிக்கொள்ளுங்கள். குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை மிஷினை விட்டு எழுந்து, இடது கையைத் தலைக்கு மேல் நீட்டி, 20 முறை விரல்களை மூடித் திறந்து, நான்கைந்து முறை வயிறு உப்ப ஆழமாக மூச்சு விடுங்கள். சாயங்காலக் கனத்துக்கு இதுவே பாதி வைத்தியம்.

கை சிவந்து சூடாகி, குளிர் காய்ச்சல் வந்தால் அது தொற்று. விடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். ஒன்றிரண்டு நாளில் கை திடீரென்று முழுவதும் வீங்கி நீலம் பாய்ந்தால், கூடவே மூச்சு வாங்கினால், ரத்தக் கட்டியாக இருக்கலாம், 108-ஐக் கூப்பிடுங்கள். அக்குளிலோ காறை எலும்புக்கு மேலோ கட்டி தட்டுப்படுவது, கத்தரிக்கோல் பிடி நழுவும் அளவுக்குக் கை வலுவிழப்பது, ராத்திரி எழுப்பிவிடும் வலி நாளுக்கு நாள் ஏறுவது, இவற்றில் எது இருந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக வளைகாப்பு. தை மாதத்துக்கு நாள் இருக்கிறது, இப்போதே தொடங்கினால் அதற்குள் கை நன்றாக இறங்கியிருக்கலாம். இடது கையில் கண்ணாடி வளையல் வேண்டாம், உடைந்து கீறினால் தொற்றுக்கு வழி. வழவழப்பான உலோக வளையல் இரண்டு, வழக்கத்தைவிட ஒரு சைஸ் பெரிதாக, சடங்கு நேரத்துக்குப் போட்டுவிட்டுக் கழற்றிவிடுங்கள். உறை போட்டிருந்தால் அதன் மேலேயே போடலாம், புடவைக்கு ஏற்ற நிறத்தில்கூட உறை கிடைக்கிறது. வளையல் கடைக்கு மட்டும் காலையில் போகாதீர்கள். சாயங்காலம், கை கனத்திருக்கும் நேரத்தில் போய் அளவு பாருங்கள்.